கேமரன்மலையில் எந்த வேலைக்கு எந்த அரசாங்கம்? போலீஸ், பணம், பள்ளிக்கூடம், நிலம்

தோட்டத்துப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், வீட்டார் முதலில் தொலைபேசியில் அழைப்பது பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினரையோ கட்சிக் கிளைத் தலைவரையோதான். தமிழ்ப்பள்ளியின் கூரை ஒழுகினால் மனு மந்திரி புசாருக்குப் போகிறது. லயத்து வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் மாவட்ட மன்றத்தில் புகார். மூன்றுமே தவறான கதவுகள். தட்டியவர்களுக்குப் பதில் வராமல் போவதற்கு அதிகாரிகளின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. கேட்ட காரியம் பல வேளைகளில் அந்த அலுவலகத்தின் கையிலேயே இருப்பதில்லை.

இந்தியாவில் போலீசும் சிறையும் மாநில அரசின் கையில் இருப்பவை. அமெரிக்காவில் குற்ற வழக்கு, பள்ளிக்கூடம், அதற்கான பணம் எல்லாமே பெரும்பாலும் மாநிலத்தின் பொறுப்பு. தொலைக்காட்சியிலும் தமிழ்ப் படங்களிலும் பார்த்துப் பழகியதால், இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மலேசியாவில் ஏறக்குறைய தலைகீழ்.

கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. போலீஸ், சிறை, குற்றவியல் சட்டம், நீதி நிர்வாகம், கல்வி, நிதி, மருத்துவம், தொழிலாளர் விவகாரம் ஆகியவை கூட்டரசுப் பட்டியலில் உள்ளவை. மாநிலத்திற்கு எஞ்சுவது நிலம், காடு, விவசாயம், ஊராட்சி, இஸ்லாமிய சமய விவகாரம். சமூக நலன், நகர்ப்புறத் திட்டமிடல், வடிகால், நீர் விநியோகம் போன்றவை இரண்டுக்கும் பொதுவான பட்டியலில் வருகின்றன. மாநிலத்தின் பட்டியல் சின்னதாகத் தெரிந்தாலும் அதில் நிலம் இருக்கிறது. கேமரன்மலையில் எல்லா வழக்கும் கடைசியில் நிலத்தில்தான் வந்து நிற்கும்.

போலீஸ் பிடித்தால்

கேமரன்மலை போலீசார் குவாந்தானில் உள்ள பகாங் போலீஸ் தலைமையகத்துக்கும், அதற்கு மேல் புக்கிட் அமானுக்கும், உள்துறை அமைச்சுக்கும் கட்டுப்பட்டவர்கள். மந்திரி புசார் அவர்களுக்கு உத்தரவிட முடியாது. வழக்குத் தொடுப்பதா, கைவிடுவதா என்று முடிவு செய்யும் அதிகாரம் அரசியலமைப்பின் 145ஆவது பிரிவின்படி சட்டத்துறைத் தலைவருக்கு உரியது. ஆகவே சட்டமன்ற உறுப்பினரை நிலையத்துக்கு அழைத்துப்போவது மனத்துக்குத் தெம்பு தரலாம், வழக்கின் போக்கை மாற்றாது.

அந்த நேரத்தில் உதவுவது வேறு சில விஷயங்கள். கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். இது அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு தரும் உரிமை. விசாரணை தொடங்கும் முன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு கூறுகிறது. 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தடுத்து வைக்க அவருடைய அனுமதி தேவை. குற்றத்துக்கு 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் முதலில் 4 நாள் வரை, பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமோ என்றால் 7 நாள், மறுபடி 7 நாள்.

இந்தத் தடுப்புக் காவல் விசாரணையில் வழக்கறிஞர் யாரும் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் அதிகம். 2011இல் கூட்டரசு அரசாங்கம் அமைத்த தேசிய சட்ட உதவி அறவாரியம் கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு உதவுவதற்கென்றே இருக்கிறது. கட்சித் தலைவரைத் தேடும் நேரத்தில் இந்த உதவியைக் கேட்டால் பையனுக்கு நல்லது. குடியுரிமை இல்லாத, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் சிலருக்கு இங்கேதான் கதவு சாத்தப்படுகிறது.

இன்னொன்று. தாப்பா சாலையில் இறங்கும்போது எல்லை தாண்டினால் பேராக். திருட்டோ விபத்தோ எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்திருந்தால் விசாரணை பேராக் போலீசுக்குப் போகும். ஆனால், குற்றம் நாட்டின் எந்த மூலையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே சட்டம். "அங்கே போய்க் கொடு" என்று திருப்பி அனுப்புவது சரியல்ல.

அப்படியானால் குற்ற நீதியில் மாநிலத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஷரியா நீதிமன்றங்கள் மாநிலத்துடையவை. அவற்றின் அதிகாரம் முஸ்லிம்கள் மீது மட்டும். மாநிலப் பட்டியலில் உள்ள காடு, ஆறு, ஊராட்சி போன்றவற்றில் குற்றங்களை வகுத்துத் தண்டிக்க மாநிலச் சட்டமன்றத்தால் முடியும். உரிமம் இல்லாத கடைக்கு மாவட்ட மன்றம் விதிக்கும் அபராதம் இந்த வழியில் வருவதுதான்.

பெரிய அதிகாரம் ஒன்றும் மாநில மட்டத்தில் இருக்கிறது: மன்னிப்பு. பகாங்கில் நடந்த குற்றத்துக்கு விதித்த தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ, 42ஆவது பிரிவின்படி, மாநில ஆட்சியாளரான சுல்தானுக்கு அதிகாரம் உண்டு. இராணுவ நீதிமன்றமும் ஷரியா நீதிமன்றமும் விதித்த தண்டனைகளுக்குத் தனி ஏற்பாடு. அவர் தலைமையில் கூடும் மன்னிப்பு வாரியத்தில் சட்டத்துறைத் தலைவரும் மந்திரி புசாரும் இருப்பார்கள். பெனோர் சிறையில் இருப்பவரின் தாயார் மனு எழுதுவதென்றால், குற்றம் நடந்த மாநிலம் எது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சிறை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வராது.

பணம் யார் கையில்

தேயிலை நிறுவனம் கட்டும் வருமான வரி கோலாலம்பூருக்குப் போகிறது. தோட்ட நிலத்துக்கான நில வரி பகாங் அரசாங்கத்துக்கு. தானா ராத்தா கடைக்காரர் கட்டும் மதிப்பீட்டு வரி கேமரன்மலை மாவட்ட மன்றத்துக்கு. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

2025ஆம் ஆண்டுக்கான கூட்டரசு வரவு செலவுத் திட்டம் 421 பில்லியன் ரிங்கிட். அதில் கல்வி அமைச்சுக்கு மட்டும் 64.1 பில்லியன். எந்த மாநிலத்தின் மொத்தச் செலவும் அந்தக் கல்வித் தொகையின் பக்கத்தில் வராது. மாநிலத்தின் சொந்த வருமானம் நிலம், காடு, சுரங்கம், உரிமக் கட்டணம். அதோடு கூட்டரசு தலைக்கணக்குப்படி ஒரு மானியமும், மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்கு ஒரு மானியமும் தருகிறது. நினைத்த இடத்தில் கடன் வாங்கவும் மாநிலத்துக்கு உரிமை இல்லை. 111ஆவது பிரிவு கை கட்டியிருக்கிறது. நிலமும் காடும்தான் வருமானம் என்றால், மலைச்சரிவைத் திறந்துவிடும் ஆசை ஒரு மாநிலத்துக்கு ஏன் வருகிறது என்பதும் விளங்கும்.

சாலை மானியத்தில் தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தாப்பாவிலிருந்து ஏறிவரும் 59ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. தோட்டத்துக்குள் இருக்கும் சாலையோ நிறுவனத்தின் சொந்தச் சொத்து. மானியக் கணக்கில் அது ஏறாது. அதில் குழி விழுந்தால் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

2013 அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலை ரிங்லெட்டில் உள்ள சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளையும் வாகனங்களையும் அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. அணை தெனாகா நேஷனலுடையது. அணைக்குள் மண் நிரம்பக் காரணமான நிலத் துப்புரவு மாநில நில நிர்வாகத்தின் கீழ் வருவது. ஆற்றோரம் வீடு கட்ட விட்டது யார் என்ற கேள்வி ஊராட்சி வரை போகும். ஒரே வெள்ளத்தில் மூன்று அதிகாரங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டவும் வசதி.

பள்ளிக்கூடம்: ஆசிரியர் ஓரிடம், மண் வேறிடம்

தானா ராத்தா, ரிங்லெட், போ தோட்டம், புளூ வேலி எனக் கேமரன்மலையில் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், தேர்வு, பாடநூல் எல்லாம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் கல்வி அமைச்சின் பொறுப்பு. பகாங் மாநிலக் கல்வி இலாகா என்ற பெயரில் 'மாநில' என்ற சொல் இருப்பதால் குழப்பம் வருகிறது. அது மந்திரி புசாரின் இலாகா அல்ல, புத்ராஜெயாவின் கிளை. ஆசிரியர் பற்றாக்குறைக்கு மாவட்டக் கல்வி அலுவலகம், பிறகு மாநிலக் கல்வி இலாகா, பிறகு அமைச்சு என்பதே ஏணி. நாடாளுமன்ற உறுப்பினர் இதைக் கேள்வியாக எழுப்பலாம். சட்டமன்றத்தில் எழுப்பினால் பதில் சொல்ல அங்கே கல்வி அமைச்சர் இல்லை.

கட்டடத்துக்கு வரும்போதுதான் சிக்கல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அதனால் பள்ளிகள் தோட்ட நிலத்திலேயே எழுந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது; மண் நிறுவனத்திடமே தங்கிவிட்டது. அரசாங்க நிலத்தில் உள்ள பள்ளிக்குக் கட்டடம் உட்பட முழு உதவி கிடைக்கிறது. தனியார் நிலத்தில் உள்ளது பகுதி உதவி பெறும் பள்ளி. அதற்கு மேலாளர் வாரியம் வேண்டும். பெரிய கட்டட வேலை என்றால் நில உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். அமைச்சிடம் பணம் இருந்தும் செங்கல் ஏறாமல் நிற்கும் பள்ளிகளின் கதை நாடு முழுக்க இதுவே.

முடிச்சை அவிழ்க்க மாநிலம் இங்கே தேவைப்படுகிறது. தேசிய நிலச் சட்டத்தின் 62ஆவது பிரிவு, அரசாங்க நிலத்தைப் பொது நோக்கத்துக்கு ஒதுக்கி அரசிதழில் வெளியிடும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. தோட்டத்தில் குடும்பங்கள் குறைந்து, வெளிநாட்டுத் தொழிலாளர் பெருகி, பிள்ளைகள் பட்டணத்துக்கு நகர்ந்துவிட்ட பிறகு, பள்ளியைத் தானா ராத்தாவுக்கோ ரிங்லெட்டுக்கோ மாற்ற நினைக்கும் வாரியம் மந்திரி புசாரிடம் கேட்க வேண்டியது கட்டடம் அல்ல, நிலம். மனு முதலில் தானா ராத்தா மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும்; கட்டட மனு தனியே அமைச்சுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி இரண்டு பக்கமும் அனுப்பினால் இரண்டு பக்கமும் தூங்கும்.

கோயில் நிலமும் இதே நில அலுவலகத்தின் வேலைதான். அங்கே அடிக்கடி கிடைப்பது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதிக்குமேல் செல்லாது. புதுப்பிக்கத் தவறினால் உரிமை கேட்க இடமில்லை. காய்கறித் தோட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பட்ட பாடும் இந்த உரிமத்தால்தான்.

லயத்து வீட்டுக்கு வேறு சட்டம். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, தண்ணீர், குழந்தைப் பராமரிப்பு இடம் ஆகியவற்றை நிர்வாகம் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், சொல்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது கூட்டரசின் தொழிலாளர் இலாகா. ஆனால் அந்தச் சட்டத்தின் குடை வேலையில் இருக்கும்வரைதான். ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்குத் தொழிலாளர் இலாகா வீடு தராது. அதற்கு நிலம் தரக்கூடியது பகாங் அரசாங்கம். 58, 59 வயதிலேயே நில அலுவலகத்தில் மனுவைப் பதிந்து, எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டிய வேலை இதுதான்; போகும்போது அந்த எண்ணைக் கையில் எடுத்துப் போகலாம்.