ஐசல்மேர் நீரும் புற ஊதா விளக்கும்

நெதர்லாந்தின் வட ஹாலந்துப் பகுதியை ஒட்டியுள்ள ஐசல்மேர் இயற்கை தந்த ஏரியன்று. கடலின் ஒரு கரத்தை 1932ஆம் ஆண்டு நெடிய அணையொன்றால் அடைத்ததன் விளைவாக, உப்பு நீங்கிச் சில ஆண்டுகளில் நன்னீராக மாறிய பரப்பு அது. அந்த நன்னீரின் பெரும்பகுதி ரைன் ஆற்றின் கிளையான ஐசல் வழியாக வருவதால், சுவிட்சர்லாந்து தொடங்கி ஜெர்மனி வரை உள்ள ஆலைகளும் நகரங்களும் வயல்களும் ஆற்றில் கலந்தவற்றில் ஒரு பங்கும் அதனுடன் ஏரியை வந்தடைந்தது. இந்த ஏரிக்கரையிலுள்ள ஆண்டைக் என்னும் ஊரில் 1968இல் தொடங்கிய குடிநீர் நிலையத்தின் வரலாற்றை, நீரிலுள்ள வேதி மாசுகளைப் புற ஊதாக் கதிராலும் ஆக்சிஜனேற்றிகளாலும் சிதைக்கும் தொழில்நுட்பத்தின் வரலாறாகவே வாசிக்கலாம்.

தொடக்கத்தில் அந்நிலையம் நம்பியிருந்தது குளோரினை. நீரிலுள்ள அம்மோனியா முழுவதும் வினைபுரிந்து தீர்ந்த பின்னும் குளோரின் எஞ்சி நிற்கும் அளவுக்கு அதனைச் சேர்ப்பது அக்கால நடைமுறை. கிருமிகளைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் ராட்டர்டாம் நகரக் குடிநீர்த் துறையின் வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக், மூடிய குப்பியில் நீருக்கு மேலே தேங்கும் காற்றைப் பகுத்தாய்ந்து, குளோரோஃபார்ம் உள்ளிட்ட டிரைஹாலோமீத்தேன்கள் ஆற்றிலிருந்து வந்தவையல்ல, மட்கிய இலைதழைகளின் கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதால் நிலையத்திற்குள்ளேயே உருவாகின்றவை என்று 1974இல் அறிவித்தபோது, நீரைக் காக்கச் சேர்த்த பொருளே ஐயத்திற்கு உரியதாயிற்று. 1980இல் ஐரோப்பியச் சமூகம் குடிநீரில் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு, என்ற வரம்பை விதித்தது. அட்ரசின், பெண்டசோன் போன்ற களைக்கொல்லிகளை ரைன் சுமந்துவந்த நிலையில் அது எளிதில் எட்டக்கூடிய வரம்பாக இல்லை. குளோரினோ அம்மூலக்கூறுகளைப் போதிய அளவு சிதைக்க வல்லதன்று.

அவற்றைச் சிதைக்க வல்ல வேதியியல் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே கண்ணில் பட்டிருந்தது. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த ஹென்றி ஃபென்டன், டார்ட்டாரிக் அமிலத்தில் சிறிது இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து, பின்னர்க் காரம் சேர்த்தால் அழகிய ஊதா நிறம் தோன்றுவதை 1876இல் ஓர் இதழுக்குக் கடிதமாக எழுதினார். அமிலம் இவ்வாறு ஆக்சிஜனேற்றம் அடைவதை விரிவாக ஆராய்ந்து 1894இல் கட்டுரையாக்கினார். அந்த வினையை நடத்துவது எது என்பதற்கு ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும் 1930களின் தொடக்கத்தில் தந்த விடை ஹைட்ராக்சில் தனி உறுப்பு: ஓர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் சேர்ந்த, இணைசேராத எலக்ட்ரான் ஒன்றைக் கொண்ட துகள். ஓசோனைவிடவும் வீரியம் மிக்க இத்துகள், நொடியின் மிகச் சிறு கூறுக்குள் அருகிலுள்ள கரிம மூலக்கூறைத் தாக்கி அதனோடு மறைந்துவிடுவதால், அதனைச் சேமித்து வைக்க வழியில்லை. தேவைப்படும் இடத்திலேயே உண்டாக்க வேண்டும்.

அதற்கு இரும்பு மட்டுமே வழியன்று. பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர் பெராக்சைடு மூலக்கூறின் நடுப்பிணைப்பை உடைத்து, ஒன்றிலிருந்து இரண்டு ஹைட்ராக்சில்களைத் தருகிறது. பிரான்சின் மார்செய் நகரில் 1910இலேயே புற ஊதாக் கதிரைக் குடிநீரில் பயன்படுத்திப் பார்த்தனர் என்றாலும், அன்றைய நோக்கம் கிருமிகளைக் கொல்வது மட்டுமே. கதிர், பெராக்சைடு, ஓசோன் ஆகியவற்றை இணைத்து ஹைட்ராக்சிலை உண்டாக்கும் முறைகளை வில்லியம் கிளேஸும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் ‘மேம்பட்ட ஆக்சிஜனேற்ற முறைகள்’ என ஒரே பெயரில் தொகுத்தனர். கருவிகளும் வேதியியலும் முன்பே கையில் இருந்தும் இத்துறை இவ்வளவு தாமதமாக உருப்பெற்றதற்குக் காரணம் அறியாமையன்று. களைக்கொல்லிகளும் கரைப்பான்களும் குடிநீரில் அளந்தறியப்படும் வரை அதற்கான தேவை எழவில்லை.

குளோரினைக் கைவிட முனைந்த ஆண்டைக் நிலையம் இயல்பாக நாடியிருக்க வேண்டியது ஓசோனைத்தான். ஆனால் ஏரி நீரில் பிராமைடு இருந்தது. ஓசோன் அதனைப் பிராமேட்டாக மாற்றும், பிராமேட்டோ புற்றுநோய் ஐயத்துக்குரியது. ஆகவே பிராமேட்டை உண்டாக்காத கதிர்-பெராக்சைடு இணையைத் தேர்ந்து, 2004இல் அந்நிலையம் செயலுக்குக் கொண்டுவந்தது. லிட்டருக்கு 6 மில்லிகிராம் பெராக்சைடு கலந்த நீர் விளக்குகளைக் கடக்கையில் பெற்ற கதிரளவு சதுர சென்டிமீட்டருக்கு 540 மில்லிஜூல். கிருமி நீக்கத்திற்கு ஐரோப்பாவில் வழக்கமாகக் கொள்ளும் அளவு 40 மில்லிஜூல்தான். கிருமியின் மரபுப்பொருளைச் சிதைத்து அது பெருகாமல் தடுப்பது சிறு வேலை, நிலையான மூலக்கூறுகளை உடைப்பது பெரு வேலை என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. மின்செலவும் அதற்கேற்ப ஏறியது. பெராக்சைடு கதிரை அரைகுறையாகவே உறிஞ்சுவதால் அதில் பெரும்பகுதி சிதையாமல் எஞ்சும். அதையும், உடைந்த மூலக்கூறுகளின் மிச்சங்களையும் அகற்றக் கிளர்வூட்டப்பட்ட கரிப் படுகைகள் பின்னால் அமைந்தன.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம் இதே இணையை வேறு தேவைக்காக நாடியது. கழிவுநீரைத் தூய்மையாக்கி நிலத்தடியில் சேர்த்துவந்த அங்கே, எதிர்ச் சவ்வூடு பரவலின் நுண்ணிய சவ்வுகளையும் கடக்கக்கூடிய என்டிஎம்ஏ, டையாக்சேன் ஆகிய சிறு மூலக்கூறுகள் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலத்தடி நீரில் தென்பட்டன. முன்னதைக் கதிரே நேராக உடைக்கும். பின்னதற்கு ஹைட்ராக்சில் வேண்டும். 2008இல் தொடங்கிய பெரிய நிலையம் இரண்டையும் ஒருசேரக் கையாண்டது. சவ்வுகளைக் கடந்துவரும் அந்நீர் மிகத் தெளிவானது என்பதால், விளக்கின் ஒளி வீணாகாமல் மாசுகளைச் சென்றடைகிறது.

ஆண்டைக்கிற்கு அந்த வசதி இருக்கவில்லை. ஏரி நீரின் கரைந்த கரிமப் பொருளும் நைட்ரேட்டும் ஒளியை விழுங்கின. போதாதற்கு, பல அலைநீளங்களை வீசும் நடுத்தர அழுத்த விளக்குகளின் குற்றலைக் கதிர் நைட்ரேட்டில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக்கியது. இதற்குத் தீர்வாக, அயனிப் பரிமாற்றப் பிசின் துகள்கள் கரிமப் பொருளையும் நைட்ரேட்டையும் பற்றிக்கொள்ள, பீங்கான் சவ்வுகள் கலங்கலை வடிகட்டும் புதிய முன்சுத்திகரிப்பு 2014இல் அங்கே திறக்கப்பட்டது. விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரம் அதன்பின் கணிசமாகக் குறைந்தது. பிசினைப் புதுப்பிக்கும்போது நைட்ரேட்டையும் பழுப்பு நிறக் கரிமத்தையும் சுமந்து வெளிவரும் உப்புநீரைக் கையாள்வது நிலையத்தின் புதிய வேலையாயிற்று.