பியூட்ச்லியின் தேனடை: ஜெல்லின் கட்டமைப்பும் நுண்ணோக்கியின் சாட்சியமும்

ஜெல்லின் உள்கட்டமைப்பு குறித்த வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. நுண்ணோக்கி கூர்மையாகக் கூர்மையாகப் பழைய பிழைகள் உதிர்ந்தன என்பார்கள். ஓட்டோ பியூட்ச்லியின் கொள்கை விழுந்த விதம் இதற்கு ஒத்துவரவில்லை. ஹைடல்பர்க் விலங்கியலாளரான அவர், 1890-களில் ஜெலட்டின் ஜெல்லை ஆல்கஹாலில் இறுக வைத்துப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள அறைகளும் அவற்றைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களும் தெரிந்தன. ஜெல் என்பது தேனடை போன்ற நுரை, திரவம் அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று முடிவுகட்டினார். எர்ன்ஸ்ட் அபே 1873-இல் வகுத்த பகுதிறன் எல்லை சுமார் 0.2 மைக்ரான். அறைகளின் அகலம் அதைவிடப் பெரிது. எனவே அவர் கண்ட அறைகளைக் கருவியின் மயக்கம் என்று தள்ள இயலாது.

கோளாறு பதப்படுத்தலில் இருந்தது. கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட் ஹார்டி 1899-இல் புரதக் கூழ்மங்களை வெவ்வேறு வினைப்பொருள்களால் இறுக வைத்துக் காட்டினார். வினைப்பொருள் மாறினால் வலைக்கண்ணின் அளவு மாறியது. புரதத்தின் செறிவை மாற்றினாலும் மாறியது. பியூட்ச்லியின் சார்பில் ஒன்று சொல்லலாம்: அறைகள் முன்பே இருந்தன, சுவருக்கும் திரவத்துக்கும் ஒளிவிலகல் எண் நெருங்கியிருந்ததால் தெரியவில்லை, ஆல்கஹால் அவற்றைத் தெரிய வைத்தது, அவ்வளவே. வலுவான வாதம்தான். ஆனால் ஆல்கஹால் வெறுமனே திரை விலக்கியதென்றால், எந்த வினைப்பொருள் விலக்கினாலும் ஒரே அளவு அறைகள் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு எதிர்ச்சான்றும் உண்டு: உப்புகள் ஜெல்லுக்குள் நீரில் போலவே ஏறக்குறையத் தடையின்றிப் பரவுவதைத் தாமஸ் கிரகாம் 1861-இலேயே கவனித்திருந்தார். மூடிய அறைகளுக்கு அது இடைஞ்சல். இந்தச் சான்றை நான் பெரிதாக நம்பவில்லை. சுவரே நீர் ஊறியதாக இருந்தால் உப்பு கடந்துவிடும்.

மீநுண்ணோக்கியே தேனடையைத் தகர்த்தது என்பது மிகை. சீடன்டோப்ஃபும் ஜிக்மோண்டியும் 1903-இல் விவரித்த அக்கருவி, பக்கவாட்டு ஒளியில் துகளின் இருப்பைக் காட்டும், வடிவத்தைக் காட்டாது. நீருக்கு நெருங்கிய ஒளிவிலகல் எண் கொண்ட ஜெலட்டின் அதில் மங்கலாகவே ஒளிரும். சிலிக்கா ஜெல்லின் துளைகள் சில நானோமீட்டரே என்று ஜிக்மோண்டி 1911-இல் கணித்ததற்கு ஆதாரம் நுண்ணோக்கி அல்ல, ஆவியழுத்த அளவீடுகள். அந்த முடிவை அப்படியே ஜெலட்டினுக்கு ஏற்றுவதும் சரியல்ல. ஆக, தேனடைக் கொள்கை கைவிடப்பட்டதற்கு ஓர் ஆண்டைக் குறிப்பதைவிட, ஹார்டிக்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் தேய்ந்தது என்பதே பொருத்தம்.

ஹார்டியின் சோதனை இன்றைக்கும் தேவைப்படுகிறது. ஸ்டெஃபான் ஹெல் 1994-இல் முன்வைத்த ஸ்டெட் நுண்ணோக்கி முறையும், பின்னர் வந்த ஸ்டார்ம் முறையும் அபேயின் எல்லையைத் தாண்டிப் பல பத்து நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டுகின்றன. சுமார் 32 டிகிரி செல்சியஸில் சுருங்கும் பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு நுண்ஜெல்களில், அடர்ந்த நடுப்பகுதியும் ஐதான விளிம்பும் இம்முறைகளில் தெரிகின்றன. பல்லுறுப்பி இழைகளுக்கு இடையிலான கண்களோ பல ஜெல்களில் இதைவிடச் சிறியவை. தவிர, படத்தில் விழுவது பல்லுறுப்பி அல்ல, அதில் ஒட்டிய ஒளிர்சாயம். ஒரே சாய மூலக்கூறு பலமுறை மின்னினாலும் ஸ்டார்ம் படத்தில் ஒரு கொத்து உருவாகும். சாயத்தின் அளவை மாற்றும்போது கொத்துகளும் மாறினால், அவற்றை ஜெல்லின் கணக்கில் எழுத முடியாது.