ஃப்ளை காஸ்ட்டிங்: தூண்டிலை முன்னால் வீசணுமா? முதல்ல பின்னால் பாருங்க!

ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஒருத்தர் நீளமான கோலை முன்னும் பின்னும் ஆட்டுவார். தலைக்கு மேலே மஞ்சள் நூல் வளையம் போட்டுப் பறக்கும். அதுதான் ஃப்ளை காஸ்ட்டிங். பார்க்க ரொம்ப ஈஸி. ஆனால், கோலைக் கையில் வாங்கிய முதல் பத்து நிமிஷத்தில் நூல் ஒண்ணு உங்க தொப்பியில் சிக்கும், இல்லைன்னா பின்னால் நிற்கிற உடைமரத்தில் சிக்கும்.

'ஆலங்குளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கலாம். இந்த வித்தையோடு சேர்த்துப் பேசப்படுற ட்ரவுட் மீனுக்குக் குளிர்ந்த ஓடை வேணும். தமிழ்நாட்டில் அதுக்கு நீலகிரிதான். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் ட்ரவுட்டை அங்கே கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி.வில்சன் ரெயின்போ ட்ரவுட்டை அங்கே நிலைக்க வைத்தார். ஆனால், வீசிப் பழக மீனும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். ஒரு புல் மைதானம் போதும். அது ஆலங்குளத்திலும் இருக்கு.

முதல்ல ஒரு விஷயம் புரியணும். நம்ம ஊர் தூண்டிலில் ஈயக்குண்டுதான் நூலை இழுத்துக்கிட்டுப் போகும். ஃப்ளை காஸ்ட்டிங்கில் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய கொக்கி, ஊதினால் பறக்கும். எடை முழுக்க அந்தத் தடிமனான நூலில்தான். அதனால், நூல் பின்னால் போய் முழுசா நீளும் வரை காத்திருந்து, அப்புறம் முன்னால் தள்ளணும். அவசரப்பட்டால் 'சட்'டுனு சாட்டை அடிக்கிற சத்தம் வரும், முனையில் இருந்த கொக்கி காணாமல் போயிருக்கும். ரொம்ப நேரம் காத்திருந்தால் நூல் தரையில் விழுந்துடும்.

கத்துக்கொடுக்கிறவங்க இங்கேதான் சறுக்குறாங்க. 'இன்னும் பலமா வீசு'ன்னு சொன்னால் போச்சு. பலம் கூடக்கூட மணிக்கட்டு பின்பக்கமா சாயும், நூல் தலைக்குப் பின்னால் தரையைத் தொடும். கடிகாரத்தை நினைச்சுக்கிட்டு, கோலை 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவிலேயே ஆட்டுன்னு சொல்றது பழைய பாடம். நார்மன் மக்லீன் 1976-ல் எழுதிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' கதையில், பாதிரியாரான அப்பா தன் பிள்ளைகளுக்கு மெட்ரோனோம் வைத்து, நாலு எண்ணிக்கையில் இதைச் சொல்லிக்கொடுப்பார். எண்ணிக்கை நல்ல வழிதான். ஆனா அதைவிட எளிய வழி, தலையைத் திருப்பிப் பின்னால் போகிற நூலைக் கண்ணால் பார்க்கச் சொல்றது. எப்போ நீண்டுச்சுன்னு கண்ணே சொல்லிடும். தலையைத் திருப்பினால் ஸ்டைல் போயிடும்னு கூச்சப்பட வேண்டாம்.

'விண்ட் நாட்'னு ஒரு தலைவலி உண்டு. மெல்லிய நுனி நூலில் தானாகவே முடிச்சு விழுந்திருக்கும். பேரை வச்சுக் காத்து மேல் பழி போடுவோம். உண்மையில், வெடுக்குனு கோலை இழுக்கிறதுதான் பெரும்பாலும் காரணம். முடிச்சு விழுந்த இடத்தில் நூல் பலம் குறைஞ்சுடும், அதை வெட்டிட்டு மாத்துங்க.

ஆலங்குளத்தில் நிஜமான காத்தும் இருக்கு, காற்றாலைகளே சாட்சி. தென்மேற்குப் பருவத்தில், குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற மேல்காத்து இங்கே அள்ளி வீசும். வலது கையால் வீசுறவங்களுக்கு வலப்பக்கமிருந்து காத்து அடிச்சால், கொக்கி நேரா காதுக்குத்தான் வரும். அதனால் வடக்குப் பார்த்து நில்லுங்க. மேல்காத்து இடப்பக்கம் வரும், நூலை உங்களைவிட்டு வெளியே தள்ளும். இடதுகைக்காரங்க தெற்குப் பார்க்கணும். காத்து குறைவா இருக்கிற விடிகாலைதான் பழக நல்ல நேரம்.

காத்தைவிட ஆபத்து மின்கம்பி. இந்தக் கோல் சாதாரணமா 9 அடி நீளம், பெரும்பாலும் கிராஃபைட். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியில் கோல் பட்டு வெளிநாடுகளில் உயிர்கள் போயிருக்கு. இங்கே வயலுக்கு வயல் லைன் போகுது. வீசுறதுக்கு முன்னாடி மேலே பார்க்கணும், பின்னாலும் பார்க்கணும். இடி இடிச்சால் கோலைக் கீழே வச்சுட்டு ஒதுங்கிடுங்க.

நண்பனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போறீங்களா? கொக்கியே வேண்டாம். நுனியில் கலர் கம்பளி நூல் துண்டு கட்டிடுங்க. தொப்பியும் கண்ணாடியும் ரெண்டு பேருக்கும் கட்டாயம். கோல் இல்லாத கைப்பக்கமா நில்லுங்க, அவர் பின்னால் நிற்கவே கூடாது. ஆரம்பத்தில் 20, 25 அடி நூல் போதும். பத்து நிமிஷம் வீசினதும் ஓய்வு. கை சோர்ந்தால் மணிக்கட்டு தானா சாய ஆரம்பிச்சுடும். ஒரு நேரத்துக்கு ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்க. 'முழங்கை, மணிக்கட்டு, கால்'னு ஒரே மூச்சில் அடுக்கினால், கத்துக்க வந்தவர் மரம் மாதிரி நின்னுடுவார்.

கொக்கி மாட்டும் நாள் வந்ததும் அதன் முள்ளைக் குறடு வச்சு நசுக்கிடுங்க. தோலில் குத்தினாலும் லேசா வெளியே வந்துடும். டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்க. கண்ணிலோ கண் பக்கத்திலோ குத்தினால் பிடுங்கவே பிடுங்காதீங்க. அழுத்தாமல், ஒரு பேப்பர் கப்பை மேலே கவிழ்த்துப் பாதுகாத்து நேரா ஆஸ்பத்திரி போங்க.

குளத்தில் இறங்கணும்னு தோணினால் ஒண்ணு நினைவிருக்கட்டும். நம்ம ஊர்க் குளங்களில் மீன்பாசி பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரர்கிட்ட கேட்காம நூலைப் போடாதீங்க. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் தாமிரபரணியைப் பார்த்ததும் கை பரபரக்கும். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கோலைப் பையிலிருந்தே எடுக்காதீங்க.