எஞ்சுவது எவ்வளவு?

மாலைவேளையில் வெள்ளவத்தைத் தெருக்களிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் தனியார் வகுப்புகளை நாடி விரையும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். உயர்தர இரசாயனத்தில் அவர்களை அலைக்கழிக்கும் கேள்வி ஒன்றுண்டு: தாக்கம் முடிந்தபின் விளைவது எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு?

4 மூல் ஐதரசனும் 1 மூல் ஒட்சிசனும் கூடி நீரானால், 2 மூல் நீரே விளையும். 2 மூல் ஐதரசன் வாளா எஞ்சும். ஐதரசனை எத்துணை கூட்டினும் நீர் பெருகாது. முதலில் தீர்ந்துபோகும் பொருளே விளைவுக்கு எல்லை வகுக்கின்றது.

இக்கணக்குக்கும் ஒரு வரலாறுண்டு. பொருள்கள் நிலையான எடை விகிதங்களிலேயே கூடுகின்றன என்ற அடிப்படையில், 1792 இல் றிக்டர் என்னும் செர்மானியர் பீசமானக் கணிதத்துக்கு வித்திட்டார். 1798 இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குச் சென்ற பெர்தொலே, அங்குள்ள உப்பேரிகளின் கரையில் சோடியம் காபனேற்று படிந்திருக்கக் கண்டு வியந்தார். ஆய்வுகூடத்திலே சோடியம் காபனேற்றும் கல்சியம் குளோரைட்டும் தாக்கி உப்பையும் சுண்ணக்கல்லையும் தரும். ஏரிக்கரையிலோ உப்பும் சுண்ணக்கல்லும் மிகுந்திருந்தமையால் அத்தாக்கமே எதிர்த்திசையில் நிகழ்ந்திருந்தது! பொருள்களின் அளவும் தாக்கத்தின் போக்கை நிர்ணயிக்கும் என்ற இவ்வுண்மையை 1803 இல் அவர் நூலாக்கினார். 1864 இல் நோர்வே நாட்டவரான கூல்ட்பேர்க்கும் வாகேயும் அதற்குக் கணித வடிவம் தந்தனர். மீளுந் தாக்கம் முற்றாக முடிவதில்லை, சமநிலையில் நிற்கும். அந்நிலையில் எஞ்சுவதையும் விளைவதையும் சமநிலை மாறிலி கொண்டு இன்று கணிக்கின்றோம்.

அவ்விருவரும் ஒஸ்லோவில் இதனை ஆராய்ந்த காலத்திலேயே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அவருடைய முயற்சியால் 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. தமிழில் விஞ்ஞானம் இயலாதென்போருக்கு அந்நூலே விடை. ஆயினும், குடியேற்ற ஆட்சியில் உத்தியோகத்தின் வாயில் ஆங்கிலத்துக்கே திறந்திருந்தது. பொதுமக்களின் பிள்ளைகளுக்கு ஆற்றல் குறையவில்லை. மொழியும் பணமுமே முதலில் தீர்ந்தன.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக உயர்வகுப்புகளை எட்டியது. இன்று உயர்தர இரசாயனத்தைத் தமிழிலேயே எழுதலாம். இது மக்கள் பெற்ற வெற்றி. ஆனால், வகுப்பறையில் விளங்காததை மாலையில் விலைகொடுத்து வாங்கவேண்டிய நிலை இருக்கும்வரை, துறைமுகத் தொழிலாளியின் மகளுக்கு எல்லை வகுப்பது அவளது அறிவா, தந்தையின் கூலியா?

கணக்கு நமக்குக் கற்பிப்பது இதுவே: குறைந்துள்ள பொருளைக் கூட்டாமல் விளைவைக் கூட்ட முடியாது. பாடசாலை ஆய்வுகூடங்கள் மாலையிலும் திறக்கட்டும். ஆசிரிய நண்பர்கள் வாரத்தில் ஒரு மாலையையேனும் கட்டணமின்றி அங்கு கற்பிக்கட்டும். வாளா எஞ்சிக் கிடக்கும் ஆற்றல் அப்போதுதான் விளைவாக மாறும்.