முந்த்ரா ஊழல்

1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.), ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தாத் தொழிலதிபரின் பிடியிலிருந்த ஆறு நிறுவனங்களின் பங்குகளை ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதையொட்டி எழுந்த விவகாரமே முந்த்ரா ஊழல் எனப்படுகிறது. விசாரணை ஆணையத்தின் அறிக்கையால் ஒன்றிய நிதியமைச்சர் ஒருவர் பதவி இழந்தது இதில்தான் முதல் முறை. பதவி இழந்தவர் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இந்திய அரசியலில் இதைவிடப் பல மடங்கு பெரிய தொகைகள் பின்னாளில் பேசப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஊழல் வெளிப்பட்டபின் ஓர் அரசு நடந்துகொள்ளும் விதம் மக்களின் நம்பிக்கையை எப்படிப் பாதிக்கும் என்பதை அறிய இதைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு குறைவு.

பின்னணி

எல்.ஐ.சி. பிறந்ததற்கே ஊழல் ஒரு காரணம். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசிதாரர்களின் பணத்தை முதலாளிகளின் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிவிட்டதை, ரே பரேலி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி 1955 டிசம்பரில் மக்களவையில் அம்பலப்படுத்தினார். டால்மியா குழுமத்தின் பாரத் இன்சூரன்ஸ் அவருடைய முதன்மை இலக்கு. அடுத்த ஆண்டே 245 காப்பீட்டு நிறுவனங்களும் சங்கங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1956 செப்டம்பர் 1-இல் எல்.ஐ.சி. தொடங்கப்பட்டது. தனியாரை நம்ப முடியாது, அரசை நம்பலாம் என்பதுதான் இந்த மாற்றத்தின் அடிப்படை வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்கு ஓர் ஆண்டு நிறைவதற்குள் சோதனை வந்தது.

முந்த்ரா மின்விளக்கு விற்பனையில் தொடங்கி, பங்குச் சந்தைச் சூதாட்டத்தால் பெருநிறுவனங்களைக் கைப்பற்றியவர். ரிச்சர்ட்சன் அண்ட் கிரட்டாஸ், ஜெசாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் போன்ற பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகள் அவர் வசம் இருந்தன. 1957-இல் கடன் கழுத்தை நெரித்தபோது, எல்.ஐ.சி. அவருடைய பங்குகளைச் சந்தை விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியது. இத்தகைய முதலீடுகளைப் பரிசீலிப்பதற்கென்றே இருந்த முதலீட்டுக் குழுவிடம் முன்கூட்டி ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கல்கத்தாப் பங்குச் சந்தையைத் தாங்கிப்பிடிக்கவே வாங்கினோம் என்று பின்னர் சொல்லப்பட்ட விளக்கம் விசாரணையில் நிற்கவில்லை.

நாடாளுமன்றத்தில்

1957 டிசம்பர் 16-இல் பெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர், ஆளுங்கட்சியின் நிதியமைச்சரை, பிரதமரான தம் மாமனாரின் முன்னிலையில் கேள்வி கேட்டார். நிதியமைச்சகத்தின் உள்விவரங்களும் அவர் கையில் இருந்தன. மழுப்பலான பதில்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் செய்தித்தாள்கள் இவற்றைத் தயக்கமின்றி அச்சிட முடிந்ததற்கும் அவரே காரணம். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உண்மையாக வெளியிடும் இதழ்களை அவதூறு வழக்கிலிருந்து காக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், அச்சட்டத்தை நீக்கியது அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு. 1977-இல் ஜனதா ஆட்சி அதை மீண்டும் கொண்டுவந்தது.

சாக்ளா ஆணையம்

1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. அவர் விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். கூட்டம் இடத்துக்குள் அடங்காமல், வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேலும் எல்.ஐ.சி.யின் உயரதிகாரிகளும் நிதியமைச்சரும் குறுக்கு விசாரணைக்கு உள்ளானார்கள். அமைச்சருக்குத் தெரிந்தே நடந்தது என்றார் செயலாளர். தாம் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். இரண்டையும் சாதாரண மனிதர்கள் நேரில் நின்று கேட்டார்கள்.

பிப்ரவரி 10-இல் அறிக்கை வந்தது. செயலாளரின் செயலுக்கு அமைச்சரே முழுப்பொறுப்பு. அதிகாரியைக் கைகாட்டிவிட்டு அவர் ஒதுங்க முடியாது என்பது அதன் சாரம். அமைச்சர் தனிப்பட்ட முறையில் பணம் பெற்றார் என்று ஆணையம் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அம்மாதமே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நேரு அவருக்கு ஆறுதலாகவே கடிதம் எழுதினார். இந்த விவகாரத்தில் அவருடைய பங்கு மிகச் சிறியது என்றும் கருதினார். ஆனால் விலகலை ஏற்றுக்கொண்டார். 1958-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைப் பிரதமரே தாக்கல் செய்ய நேர்ந்தது. முந்த்ரா கைதாகிச் சிறை சென்றார்.

நம்பிக்கையின் மீதான விளைவு

1957 பொதுத்தேர்தலில் மக்களவையில் 371 இடங்களைப் பெற்ற காங்கிரஸ், 1962-இல் 361 இடங்களைப் பெற்றது. இந்த ஊழல் நேருவின் மீதான நம்பிக்கையைக் கவிழ்க்கவில்லை. தேர்தல் முடிவுகளுக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், குற்றச்சாட்டு எழுந்து இரண்டே மாதத்தில் உண்மை வெளிவந்து, பெரிய பதவியும் பறிபோனதைக் கண்ட மக்கள் ஆட்சி முறையை வெறுக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

அந்தக் கணக்கு நெடுநாள் நீடிக்கவில்லை. கிருஷ்ணமாச்சாரி 1962-இல் அமைச்சரவைக்குத் திரும்பினார். 1963-இல் மீண்டும் நிதியமைச்சரானார். 1965-இன் இறுதியில் வேறு குற்றச்சாட்டுகள் கிளம்பியபோது மறுபடியும் விலகினார். விசாரணைக்கூண்டில் நின்ற பட்டேல் 1977-இல் தாமே நிதியமைச்சரானார். இருவருமே திறமைசாலிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மேலிடத்தில் தண்டனை தற்காலிகமானது என்ற எண்ணம் பரவ இத்தகைய மறுவரவுகள் இடம் கொடுத்தன.

உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி 1962-இல் அமைத்த ஊழல் தடுப்புக் குழுவுக்குத் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் தலைவர். 1964-இல் வந்த அதன் அறிக்கை, அமைச்சர்களிடையே நேர்மைக் குறைவு அரிதன்று என்ற எண்ணம் மக்களிடம் பரவியிருப்பதைப் பூசிமெழுகாமல் பதிவு செய்தது. கோப்பு நகர்வதற்காகத் தரப்படும் பணத்தையும் அது பேசியது. தவறான காரியத்துக்கு அல்ல, உரிமையான காரியம் தாமதமாகாமல் நடக்கவே மக்கள் இதைக் கொடுக்கிறார்கள். பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் ‘கவனித்து’ப் பழகிய குடிமகனுக்கு, கோடிக்கணக்கு ஊழலைவிட இந்தச் சில்லறை வசூலே அரசின் முகம். மத்திய கண்காணிப்பு ஆணையம் 1964-இல் இக்குழுவின் பரிந்துரையால் உருவானது.

சாக்ளா காட்டிய வேகமும் வெளிப்படைத்தன்மையும் பின்வந்த ஆணையங்களுக்கு வாய்க்கவில்லை. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் 1976-இல், நெருக்கடி நிலைச் சூழலில், அந்த ஆட்சியின் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கச் சர்க்காரியா ஆணையம் அமைந்தது. அதை ஒரு சாரார் சான்றாகவும் மறு சாரார் பழிவாங்கலாகவும் இன்றளவும் மேடைகளில் பேசிவருகிறார்கள். ஆளுங்கட்சியே தன் அமைச்சரை விசாரித்ததற்கும், எதிரியை வீழ்த்தியவர் விசாரித்ததற்கும் மக்கள் ஒரே மதிப்பைத் தருவதில்லை. போபர்ஸ் பீரங்கிக் கொள்முதலில் தரகு கைமாறியதாக 1987-இல் செய்தி வந்தது. வழக்கு கால் நூற்றாண்டை எட்டுமளவுக்கு இழுத்தது. 1984-இல் நானூறுக்கும் மேல் இடங்கள் வென்ற காங்கிரஸ் 1989-இல் 197-க்கு இறங்கியதில் அந்த விவகாரத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

அமைச்சர்கள் உள்ளிட்டோர் மீதான புகார்களை விசாரிக்கும் லோக்பால் அமைப்புக்கான மசோதா முதன்முதலில் 1968-இல் மக்களவைக்கு வந்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது 2013-இல். முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில்.