கரிசலின் கடல் வாசல்

தூத்துக்குடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்து நின்றுகொண்டுதான் எழுதுகிறார்கள். முத்து, சங்கு, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், மாதா கோயில், கப்பல் என்று அவர்கள் சொல்லும் சரித்திரம் அலையோடு வந்து அலையோடு போய்விடுகிறது. நான் புதூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். அந்தப் பட்டணத்தை அதன் முதுகுப் பக்கமிருந்து பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். அங்கிருந்து பார்த்தால் இன்னொரு சரித்திரமும் தெரிகிறது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கடல்காரர்களுக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஊர் ஊராகக் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தார்கள். போட்டியாளர்களிடமிருந்து தொழிலைக் காத்துக்கொள்ள அவர்களுக்குப் போர்ச்சுகீசியரின் கப்பல் படை வேண்டியிருந்தது. போர்ச்சுகீசியருக்கு முத்து வேண்டியிருந்தது. 1658-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். இடையிடையே ஆங்கிலேயர் கைக்குப் போய்த் திரும்பி, 1825-ல் அவர்களிடமே நிலைத்துவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் சொற்கள் மட்டும் போகவில்லை. சாவியும் ஜன்னலும் மேசையும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றவை. துட்டு, டச்சுக்காரரின் செப்புக் காசின் பெயர். கடலையே காணாத எங்கள் ஊர்க் கிழவி, பருத்தி விற்ற துட்டை முந்தானையில் முடிகிறாளே, அவள் அறியாமலே ஹாலந்து தேசத்தையும் சேர்த்துத்தான் முடிந்துகொள்கிறாள்.

இனிக் கரிசலுக்கு வருவோம். எங்கள் மண்ணுக்கு ஆறு, குளம் என்று பெரிய ஆதரவு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருஷத்துக்கும் முதல். அந்த ஈரத்தைக் கரிசல் கஞ்சனைப் போல இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டு, செடிக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கும். கோடையில் காலை விட்டால் மாட்டிக்கொள்ளும்படி வெடித்துக் கிடக்கும். இந்த மண்ணுக்கென்றே அமைந்தது பருத்தி. கருங்கண்ணியும் உப்பமும் இங்கே மானாவாரியாக விளைந்தன. லிவர்பூல் வியாபாரிகள் அதைத் திருநெல்வேலி என்ற ஜில்லாவின் பெயரைச் சொல்லியே வாங்கினார்கள். 1901-ல் கோவில்பட்டியில் சர்க்கார் விவசாய ஆராய்ச்சி நிலையம் வைத்ததற்கும் இந்தப் பருத்திதான் முக்கியமான காரணம்.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. இங்கே விலை ஏறியது, தூத்துக்குடி செழித்தது. 1865-ல் யுத்தம் முடிந்தது, விலையும் இறங்கியது. யார் சண்டை போட்டார்கள், எதற்காகப் போட்டார்கள் என்று சம்சாரிக்குத் தெரியாது. ஆனால் அவன் மகள் கலியாணம் அந்தச் சண்டையை நம்பி இருந்தது. கடல் வாசல் திறந்த நாள் முதல் எங்கள் தலையெழுத்தில் பாதி அயல் தேசத்தில் எழுதப்பட்டது என்று சொன்னால் தவறில்லை.

1876-ல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. பாரவண்டியில் நாள் கணக்காகப் போன பொதி, கோவில்பட்டியில் ஏறி ஒரே நாளில் கடற்கரை சேர்ந்தது. அதே வருஷந்தான் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. பொதி ஏற்றிய கரையிலிருந்தே மனிதர்களும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தோணி ஏறினார்கள். பஞ்சுக்கு விலை இருந்தது, எடுத்தவனுக்குக் கஞ்சி இல்லை. துறைமுகத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டுமே ஏற்றுமதிதான்.

கடல் அங்கே ஆழமில்லை. கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரம் பாய்ச்சும். தோணிகள்தாம் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே கப்பல் யாருடையதாக இருந்தாலும், கரையில் உழைத்தவர்கள் தமிழர்களே. அவர்களுக்கு ஒரு கப்பலும் இல்லையே என்று நினைத்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872-ல் பிறந்த ஒட்டப்பிடாரம் கரிசல் பூமி. அவருடைய நண்பர் பாரதி பிறந்த எட்டயபுரமும் கரிசலே. நம் நாட்டில் சுதேசிக் கப்பல் விட்டவன் கடலில் பிறக்கவில்லை, பருத்திக்காட்டில் பிறந்தான்!

1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். தொழிலாளர் வென்றார்கள். அடுத்த வாரமே, மார்ச் 12-ல், தலைவர்கள் கைதானார்கள். கம்பெனி 1911-ல் கலைந்தது. செக்கிழுத்துத் திரும்பியவர், 1936-ல் அதே தூத்துக்குடியில் காலமானார். டச்சுக் கம்பெனியின் முதலெழுத்துகளும் வி.ஓ.சி.தான். கோட்டையும் கப்பலும் வைத்திருந்த அந்த வி.ஓ.சி.யை இன்று ஊரில் யாருக்கும் தெரியாது. கப்பலை இழந்த நம் வ.உ.சி.யின் பெயர்தான் 2011 முதல் துறைமுகத்துக்கே பெயராக இருக்கிறது.

இந்தப் பட்டணத்தின் சுபாவம் என்ன என்று கேட்டால் அந்த 1908-ஐத்தான் காட்டுவேன். அமைதியாக உப்பு வாரும், தோணி தள்ளும், பொறுக்கமுடியாதபோது தெருவுக்கு வரும். 2018 மே மாதத்தில் தாமிர ஆலையை எதிர்த்துப் போன ஊர்வலத்திலும் அதே சுபாவத்தைத்தான் கண்டோம். 13 உயிர்கள் அதற்கு விலையாகப் போயின.

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதுத் துறைமுகத்தில் கப்பல் கரைக்கே வந்து நிற்கிறது. கடலுக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணைகள் போட்டு இதைச் சாதித்தார்கள். பெரிய காரியந்தான். ஆனால் புதூர், விளாத்திகுளம் பக்கம் பருத்தி குறைந்து மக்காச்சோளம் பெருகிவிட்டது. காடு தரிசான இடங்களில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். எந்த வாசல் வழியாக நம் பஞ்சு வெளியே போயிற்றோ, அதே வாசல் வழியாக அயல்நாட்டுப் பஞ்சு நம் ஆலைகளுக்கு உள்ளே வருகிறது.

அதற்காகத் துறைமுகத்தைக் கோபிப்பது நியாயமல்ல. வாசல், வருவதையும் போவதையும் கேள்வி கேட்காது. கேட்கவேண்டியவர்கள் வீட்டுக்காரர்கள். பட்டணத்தை வளர்க்கத் திட்டம் போடுகிறவர்கள் கடலின் ஆழத்தை அளக்கிறார்கள். திரும்பி நின்று, கரிசலில் இந்த வருஷம் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் அளந்தால் நல்லது. அந்த ஊர் எழுந்து நின்றது இரண்டு ஆழங்களின்மீதும்தான்.