பெய்லி இழைப்புளி

மர இழைப்புளியில் அலகை இறுக்குவது ஆப்பு. சீவலின் கனத்தை மாற்றச் சுத்தியலால் தட்டித்தான் பார்க்க வேண்டும். இதற்குக் கைப்பழக்கம் தேவை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் நடத்திய லெனார்ட் பெய்லி, வார்ப்பிரும்பு இழைப்புளியில் திருகுச் சக்கரம் பொருத்தி, விரலாலேயே அலகை ஏற்றி இறக்கும் அமைப்பை உருவாக்கினார். 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. இழைப்புளிகள் நீளத்திற்கேற்ப 1 முதல் 8 வரை எண்களால் அறியப்பட்டன. 4 மெருகு இழைப்புக்கும், 5 பொது வேலைக்கும், 7, 8 ஆகியவை நீண்ட பலகை விளிம்பை நேராக்கவும் பயன்பட்டன.

காப்புரிமைக் காலம் முடிந்தபின் பிறரும் இவ்வடிவத்தைச் செய்தனர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1931-இல் இழைப்புளி செய்யத் தொடங்கிய ரெக்கார்ட், ஸ்டான்லி எண்களுக்கு முன் ஒரு சுழியத்தை மட்டும் சேர்த்தது. 4 என்பது 04 ஆயிற்று. புதுப் பெயரை நம்பிப் பணம் போடத் தயங்கும் சிறு பட்டறைக்காரருக்குப் பழகிய எண்ணே போதிய உத்தரவாதம். அவர் ஸ்டான்லிக்காரர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் பற்று வைத்தது பெய்லியின் வடிவத்தின் மீதுதான்.

அந்தப் பெய்லியோ 1875-இல் ஸ்டான்லியோடு பிணங்கிப் பிரிந்து, 'விக்டர்' என்ற பெயரில் போட்டி இழைப்புளிகளைச் செய்தார். பின்னர் அத்தொழிலையும் ஸ்டான்லியே வாங்கிக்கொண்டது. அவருடைய பெயரைத் தன் இழைப்புளிகளின் உடலிலேயே வார்த்தும் விற்றது.